குனிந்தது போதும்!

ஸ்போர்ட்ஸ் பைக்கை விட்டு அட்வென்ச்சர் பைக்குக்கு மாறுகிறவர்கள் பெறுவது என்ன, இழப்பது என்ன?

ஓசூரில் உள்ள டிவிஎஸ் ஆலையில், ஒரே இன்ஜினை வைத்து இரண்டு வேறு குணமுள்ள பைக்குகள் பல ஆண்டுகள் தயாராகின. 2013-இல் டிவிஎஸ்ஸும் பிஎம்டபிள்யூவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பிறந்த இன்ஜின் அது. 312 சிசி, ஒற்றை சிலிண்டர், 34 குதிரைத்திறன். கூர்மூக்கு ஃபேரிங், தாழ்ந்த ஹேண்டில்பார் என்று அதைச் சுற்றிக் கட்டியது அப்பாச்சி ஆர்ஆர் 310. 2017 டிசம்பரில் வந்தது. அதே இன்ஜினுக்கு நீளமான சஸ்பென்ஷனும் அகலமான ஹேண்டில்பாரும் கொடுத்தால் பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ். 2018 ஜூலையில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அறிமுகமானபோது இரண்டின் எடையும் ஏறத்தாழ 170 கிலோ. இரண்டிலும் 11 லிட்டர் டேங்க்.

முதலாவது மணிக்கு 160 கி.மீ. தொடும் என்றார்கள். இரண்டாவது 143. காசு கொடுத்து வேகத்தைக் குறைத்துக்கொள்பவர் உண்டா? உண்டு. கடந்த ஏழெட்டு ஆண்டுகளாக, ஆர்15, ஆர்சி 390, ஆர்ஆர் 310 என்று டேங்கின் மேல் கவிழ்ந்து ஓட்டிப் பழகியவர்களில் பலர் ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், 390 அட்வென்ச்சர் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். யமஹா ஆர்15 2008-இல் வந்தபோது கல்லூரியில் இருந்தவர்களுக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. “வயசாயிடுச்சு, முதுகு தாங்கல” என்று அவர்களே சிரித்தபடி சொல்லிக்கொள்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. நம் ஊர்ச் சாலையில் ஸ்போர்ட்ஸ் பைக்கின் திறமையில் பெரும்பகுதி வேலையில்லாமல் கிடக்கிறது என்பது மீதிப் பாதி.

160 ஓடும் வண்டி, 80 தாண்டாத சட்டம்

2018 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி, நான்குவழி நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வேகம் 80 கி.மீ. நகராட்சிச் சாலைகளிலும் மற்றச் சாலைகளிலும் 60. பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் பைக்குகளுக்கு அனுமதியே கிடையாது. 160-ஐ நியாயமாகத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் ஶ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கிறது. அதன் நீளம் 3.7 கி.மீ.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுக் கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து மதுரை சுமார் 450 கி.மீ. சராசரி 80-இல் போனால் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். விரட்டிப் பிடித்துச் சராசரியை 100-க்குக் கொண்டுபோனால் நாலரை மணி நேரம். மிச்சம் ஒரு மணி நேரம். ஆனால் ஸ்போர்ட்ஸ் பைக்கில் மணிக்கொரு தரம் இறங்கி, மணிக்கட்டை உதறி, கழுத்தைத் திருப்பி, ஒரு டீ குடித்து மறுபடி ஏறுபவர் ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடங்களை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார். மதுரை வருவதற்குள் அந்த ஒரு மணி நேரம் காலி. உடல்வலி மட்டும் கூடவே வரும்.

இதற்காக ஸ்போர்ட்ஸ் பைக்கின் இருக்கையைக் குறை சொல்வது சரியில்லை. அது வேறொரு வேகத்துக்காகச் செய்யப்பட்டது. கிளிப்-ஆன் ஹேண்டில்பார் தாழ்வாகவும், கால் வைக்கும் ஃபுட்பெக் பின்னுக்குத் தள்ளி உயரமாகவும் இருப்பதால், மேலுடம்பின் எடை முன்னால் சாய்கிறது. 120, 130 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப் பிடிக்கும். கைகளுக்குப் பாரமே தெரியாது. செங்கல்பட்டு சுங்கச்சாவடி நெரிசலில் இருபது கி.மீ. வேகத்தில் ஊரும்போது அந்தக் காற்று இல்லை. மொத்த எடையையும் இரண்டு மணிக்கட்டுகள்தான் தாங்க வேண்டும்.

அட்வென்ச்சர் பைக்கில் முதுகு நிமிர்கிறது. கால்கள் உடம்புக்கு நேர்க் கீழே வருகின்றன. அகன்ற ஹேண்டில்பாரில் முழங்கைகள் மடங்கித் தளர்கின்றன. முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலாகப் பார்வை போகிறது. நாள் முழுக்க 80-இல் ஓட்டினாலும் மாலையில் இறங்கும்போது மனிதர் மனிதராகவே இறங்குகிறார். உச்ச வேகத்தைப் பார்த்து ஒரு வண்டியை வாங்கியவர்கள், சராசரி வேகத்தைப் பார்த்து அடுத்த வண்டியை வாங்குகிறார்கள். மாற்றத்தின் சாரம் இவ்வளவுதான்.

பள்ளத்துக்குப் பயப்படாத சக்கரம்

ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் முன் ஃபோர்க் மேலும் கீழும் நகரும் தூரம் பொதுவாக 120, 130 மி.மீ. அளவில்தான் இருக்கும். ஜி 310 ஜிஎஸ்ஸில் அது 180 மி.மீ. புதிய ஹிமாலயன் 450-இல் 200. காகிதத்தில் இது ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். அளவே இல்லாமல் கட்டிய ஊராட்சி ஸ்பீடு பிரேக்கர், மழைக்குப் பிறகு வாய் திறந்த தார், பாலத்தின் இணைப்பில் எழும்பி நிற்கும் இரும்புப் பட்டை என்று அடுத்தடுத்து வரும்போது, அந்தச் சில சென்டிமீட்டர்தான் முதுகெலும்புக்கும் சாலைக்கும் நடுவே நிற்கிறது.

சக்கரத்தின் அளவும் அப்படித்தான். ஸ்போர்ட்ஸ் பைக்கில் இரண்டும் 17 அங்குலம். அட்வென்ச்சர் பைக்கில் முன்சக்கரம் 19 அல்லது 21 அங்குலம். பெரிய சக்கரம் பள்ளத்துக்குள் முழுசாக விழாமல் அதன் விளிம்பைத் தொட்டுத் தாண்டும். கிரவுண்ட் கிளியரன்ஸ் ஹிமாலயன் 450-இல் 230 மி.மீ. அடிவயிறு இடிக்காத உயரம்.

இன்ஜினின் குணத்திலும் வித்தியாசம் உண்டு. கேடிஎம் ஆர்சி 390-இன் உச்ச டார்க் 37 நியூட்டன் மீட்டர். அது கிடைப்பது 7,000 ஆர்பிஎம்மில். 2016-இல் வந்த முதல் ஹிமாலயனின் 411 சிசி இன்ஜின் 24.5 குதிரைத்திறன்தான், ஆர்சி 390-இன் பலத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஆனால் அதன் 32 நியூட்டன் மீட்டர் டார்க் 4,000-க்கும் 4,500-க்கும் நடுவிலேயே வந்துவிடுகிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுபவருக்கு இந்த எண்கள் மனப்பாடம் ஆகிவிடும். ஒவ்வொரு வளைவிலும் வண்டி கிட்டத்தட்ட நின்று, திரும்பி, மறுபடி ஏற வேண்டும். ஸ்போர்ட்ஸ் பைக் முதல் கியரில் கத்தும். கிளட்ச் பிடித்த கை ஓயாது. ஹிமாலயன் தாழ்ந்த ஆர்பிஎம்மிலேயே இழுத்துக்கொண்டு ஏறும்.

ஏற்றத்தைவிட இறக்கம் கடுமை. கிளிப்-ஆன் பிடித்து மலையிறங்கும்போது உடம்பு முழுக்க உள்ளங்கையில் வந்து நிற்கும். அதே கைதான் பிரேக்கும் பிடிக்க வேண்டும். ஆழியாறிலிருந்து 40 வளைவுகள் ஏறி வால்பாறை போனவர்களில் பலர், திரும்பி இறங்கும்போதுதான் அடுத்த வண்டியைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள்.

பாரிஸிலிருந்து சென்னை வரை

இந்த வகை பைக்குக்கு வழி திறந்தது 1980-இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ். ஜெர்மன் மொழியில் கரடுமுரடான நிலத்தையும் சாலையையும் குறிக்கும் இரண்டு முதலெழுத்துகள் அதன் பெயரில் இருக்கின்றன. மறு ஆண்டே, 1981 பாரிஸ்–டக்கார் ராலியை ஹூபர்ட் ஓரியோல் அந்த வண்டியில் வென்றார். பாலைவனம் தாண்டும் வண்டியில் அலுவலகத்துக்கும் போகலாம் என்ற எண்ணம் ஐரோப்பாவில் அப்படித்தான் பரவியது.

இந்தியாவில் லே–லடாக் சாலையைப் பல ஆண்டுகள் புல்லட்டுகளே ஆண்டன. 2011-இல் ஹீரோ இம்பல்ஸ் 150 சிசியில் வந்தது. சந்தை அப்போது தயாராக இல்லை. சென்னை நிறுவனமான ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016-இல் வந்த பிறகுதான் பாதை திறந்தது. 2019-இல் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, 2020-இல் கேடிஎம் 390 அட்வென்ச்சர், 2023 நவம்பரில் 452 சிசி இன்ஜினோடு புதிய ஹிமாலயன் என்று வரிசை நீண்டது. அது ராயல் என்ஃபீல்டின் முதல் லிக்விட் கூல்டு இன்ஜின். ஜி 310 ஜிஎஸ்ஸின் விற்பனை இந்தியாவில் 2025-இல் நின்றுபோக, அதே ஆண்டு அக்டோபரில் டிவிஎஸ் தன் சொந்தப் பெயரில் அப்பாச்சி ஆர்டிஎக்ஸ் 300-ஐக் கொண்டுவந்தது. ரேஸ் டிராக்கில் பெயர் எடுத்த அப்பாச்சி என்ற பெயரே அட்வென்ச்சர் பைக்கின் மேல் ஏறியது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கு நல்ல அடையாளம்.

போட்டிக் களத்திலும் தென்னிந்தியர்களின் தடம் இருக்கிறது. பெங்களூரின் சி.எஸ்.சந்தோஷ் 2015-இல் டக்கார் ராலியில் பங்கேற்ற முதல் இந்தியர். கேரளத்தின் ஹரித் நோவா 2024 டக்காரில், ஷெர்கோ–டிவிஎஸ் அணிக்காக ஓட்டி ராலி-2 பிரிவில் முதலிடம் பிடித்தார்.

டேங்கின் அளவை மட்டும் தனியே சொல்ல வேண்டும். மணாலியிலிருந்து லே போகும் வழியில் தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க் பலகை, அடுத்த பங்க் 365 கி.மீ. தள்ளி என்று பல்லாண்டுகள் எச்சரித்து நின்றது. லிட்டருக்கு 30 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், 11 லிட்டர் டேங்க் 330-இல் வறண்டுவிடும். பழைய ஹிமாலயனின் 15 லிட்டரும் புதியதன் 17 லிட்டரும் அந்தப் பலகையைக் கவலையின்றிக் கடக்கும். வாங்கும்போது குதிரைத்திறனைக் கேட்பவர்கள் டேங்கையும் கேட்க வேண்டும்.

கால் எட்டாத கஷ்டம்

இனி நஷ்டக் கணக்கு. ஷோரூமில் இதை யாரும் சொல்வதில்லை.

முதல் பிரச்னை உயரம். ஆர்ஆர் 310-இன் இருக்கை உயரம் 810 மி.மீ. ஜி 310 ஜிஎஸ்ஸிலும் ஆர்டிஎக்ஸ்ஸிலும் 835. 2020-இன் 390 அட்வென்ச்சரில் 855. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் படாது. ஓடும்போது இது பொருட்டே இல்லை. சிக்னலில், சரிவான பார்க்கிங்கில், சரளையில் யூ-டர்ன் எடுக்கையில் வண்டி ஒரு பக்கம் சாயத் தொடங்கினால் நிறுத்திப் பிடிக்கக் கால் கிடைக்காது. ஓடுகிற வண்டியில் விழுகிறவர்களைவிட நிற்கிற வண்டியோடு விழுகிறவர்களே தொடக்கத்தில் அதிகம். இருக்கையின் ஓரத்துக்கு நகர்ந்து ஒரு காலை மட்டும் முழுசாக ஊன்றப் பழகுவதுதான் வழி.

இரண்டாவது, வளைவின் சுகம். மேடு பள்ளமில்லாத தாரில் ஒரு நீண்ட வளைவை ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கும் துல்லியம் இங்கே கிடைக்காது. பெரிய முன்சக்கரம் மெதுவாகத்தான் திரும்பும். பிரேக் பிடித்தால் நீளமான ஃபோர்க் மூக்கைக் குத்தி அமுங்கும். சரளைக்கும் தாருக்கும் பொதுவாகச் செய்த டயர், ஈரச் சாலையில் தயங்கும். பழைய வேகத்திலேயே புதிய வண்டியில் வளைவுக்குள் நுழைபவர் எதிர்ப்பக்கத் தடத்துக்குப் போய்விடும் ஆபத்து உண்டு.

மூன்றாவது, காற்று. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளைச் சும்மா நட்டு வைக்கவில்லை. இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிய உயரமான பைக்கை அங்கே அடிக்கும் பக்கக்காற்று ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்குத் தள்ளப் பார்க்கும். காற்றைக் கிழித்துப் போகும் ஃபேரிங்கின் அருமை அப்போது தெரியும்.

நான்காவது, பின்சீட்டு. ஸ்போர்ட்ஸ் பைக்கில் பின்னால் உட்காருவது பரண் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி. ஒரு தடவை ஏறிய மனைவி மறு தடவை “நான் பஸ்லயே வர்றேன்” என்பார். அட்வென்ச்சர் பைக்கில் அகலமான சீட்டு, பிடிக்கக் கம்பி, முதுகுக்குப் பெட்டி எல்லாம் உண்டு. குடும்பத்தில் இந்த மாற்றத்துக்கு ஓட்டு விழுவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் சேலை கட்டிய அம்மா ஒருபக்கமாக ஏறி உட்காருவது இங்கேயும் லேசில் நடக்காது. உயரம் ஒருபுறம்; பக்கப் பெட்டி மாட்டியிருந்தால் கால் வைக்கவே இடமில்லை. வீட்டில் ஒரு ஸ்கூட்டர் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, காசு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறிவிட்டது. 350 சிசி வரை 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40 சதவீதம். ஆர்டிஎக்ஸ் 300-ம் எக்ஸ்பல்ஸும் கோட்டுக்கு இந்தப் பக்கம். ஹிமாலயன் 450-ம், 399 சிசிக்கு வளர்ந்துவிட்ட 390 அட்வென்ச்சரும் அந்தப் பக்கம். வண்டி விலையோடும் செலவு முடியாது. கிராஷ் கார்டு, இன்ஜினுக்கு அடித்தகடு, பெட்டிகள், அவற்றை மாட்டும் சட்டம், கணுக்காலை மூடும் பூட்ஸ், முழங்கால் கவசம் என்று பட்டியல் நீளும். பெட்டியைத் தள்ளிப்போடலாம், பூட்ஸைத் தள்ளிப்போடக் கூடாது. மண்பாதையில் முதலில் அடிபடுவது கணுக்கால்.

கை பழகியதை மாற்றுவது

ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டியவருக்குச் சில நல்ல பழக்கங்கள் ஏற்கெனவே இருக்கும். வளைவின் முடிவைப் பார்ப்பது, ஆக்ஸிலரேட்டரை மென்மையாகத் திறப்பது, இரண்டு பிரேக்கையும் அளந்து பிடிப்பது. தார்ச்சாலையில் இவை அப்படியே உதவும். தார் முடியும் இடத்தில் சிலவற்றைத் தலைகீழாக்க வேண்டும்.

தாரில் வளைவெடுக்கும்போது உடம்பு வண்டிக்கு உட்பக்கம் சாயும். சரளையில் வண்டியை மட்டும் சாய்த்து, உடம்பை வெளிப்பக்கம் நிமிர்த்தி, வெளிப்பக்க ஃபுட்பெக்கில் எடையை அழுத்த வேண்டும். டயரைத் தரையோடு அமுக்குவது அந்த எடைதான். தாரில் பிரேக்கின் பெரும் வேலையை முன்சக்கரம் பார்க்கும். மண்ணில் அதை இறுக்கிப் பிடித்தால் சக்கரம் வழுக்கி ஆளைக் கவிழ்த்துவிடும். பின்பிரேக்கே அங்கே துணை. அதனால்தான் இவ்வகை பைக்குகள் பலவற்றில் பின்சக்கர ஏபிஎஸ்ஸை மட்டும் அணைத்துவைக்க வழி செய்திருக்கிறார்கள். தாருக்குத் திரும்பியதும் அதை மறக்காமல் போட்டுவிட வேண்டும்.

கரடுமுரடான இடத்தில் எழுந்து நின்று ஓட்டுவதைப் பார்ப்பவர்கள் சினிமாத்தனம் என்று நினைப்பார்கள். நின்றால் முழங்கால்களும் இடுப்பும் இன்னொரு சஸ்பென்ஷனாக வேலை செய்யும். வண்டி கீழே குதித்தாலும் தலை நேராக இருக்கும். முழங்காலால் டேங்கை அணைத்து, கைப்பிடியைத் தளரப் பிடிக்க வேண்டும். ஹேண்டில்பார் லேசாக ஆடத்தான் செய்யும், ஆடவிட வேண்டும். மணலில் பயந்து ஆக்ஸிலரேட்டரை மூடினால் முன்சக்கரம் புதையும். எடையைப் பின்னால் தள்ளிச் சீரான இழுப்பில் போனால் வண்டி தானே வழி கண்டுபிடிக்கும்.

விழுந்த வண்டியைத் தூக்குவதற்கும் ஒரு முறை இருக்கிறது. இன்ஜினை அணைத்துவிட்டுக் கியரில் போட வேண்டும், உருளாமல் இருக்க. வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்கும் முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும். பிறகு இருக்கைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் சட்டத்தையும் பற்றி, தொடையின் பலத்தால் பின்னோக்கி நடந்தபடி எழுப்ப வேண்டும். குனிந்து முதுகால் தூக்கினால் 196 கிலோ ஹிமாலயன் மருத்துவச் செலவு வைக்கும். இதையெல்லாம் யூடியூபில் பார்த்தால் மட்டும் வராது. டக்கார் போன சி.எஸ்.சந்தோஷ் கோலார் அருகே தொடங்கிய பிக்ராக் டர்ட்பார்க் போன்ற பயிற்சிக் களங்களில் ஓரிரு நாள் விழுந்து எழுந்தால் வரும்.

காடு ரேஸ் டிராக் இல்லை

இந்த வண்டிகளின் விளம்பரங்களில் ஆறும் காடும் தவறாமல் வரும். அதைப் பார்த்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் எல்லாம் சக்கரத்தை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். யானை நடமாட்டத்துக்காகத் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை. ஏரிக்கரையும் வயல்வரப்பும் யாரோ ஒருவர் மண் போட்டுக் காப்பாற்றி வருபவை. பட்டன் டயர் இரண்டு தடவை ஏறினால் கரைந்துவிடும். வழி கேட்டு, அனுமதி கேட்டுப் போகிற ரைடருக்குக் கிராமத்தில் தண்ணீரும் கிடைக்கும், நல்ல பாதையும் தெரியும்.

யார் மாறலாம்?

ஞாயிறு விடியலில் இரண்டு மணி நேரம் நல்ல சாலையில் ஓட்டிவிட்டு வீடு திரும்புபவர், டிராக் டே என்றால் லீவு போடுபவர், வளைவில் சாயும் அந்த நொடிக்காகவே பைக் வைத்திருப்பவர் மாற வேண்டியதில்லை. அவர்கள் வாங்கும் அட்வென்ச்சர் பைக் ஆறே மாதத்தில் ‘சிங்கிள் ஓனர், குறைந்த கிலோமீட்டர்’ என்று விற்பனைக்கு வந்துவிடும். எல்லோரும் வாங்குகிறார்கள் என்பதற்காக வாங்கி, ஓஎம்ஆர் நெரிசலில் மட்டும் ஓட்டுபவருக்கும் இது வீண் உயரம், வீண் எடை.

ஊருக்குப் பைக்கிலேயே போகிறவர், பின்சீட்டில் துணையோடு மூன்று நாள் சுற்றுகிறவர், சாலை எப்படி இருக்கும் என்று விசாரிக்காமல் கிளம்ப ஆசைப்படுகிறவர் தாராளமாக மாறலாம். 200 சிசியில் தொடங்கினாலும் குறையில்லை. மண்ணில் கற்றுக்கொள்ள எடை குறைந்த வண்டியே நல்லது.

முடிவெடுக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். கடந்த ஓராண்டில் உங்கள் பைக் ஓடிய தூரத்தில், நூறைத் தாண்டிய வேகத்தில் ஓடியது எவ்வளவு? பள்ளத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தபடி ஓடியது எவ்வளவு? முதல் எண் பெரிது என்றால் வண்டியை சர்வீஸுக்கு விட்டு, அதையே ஓட்டுங்கள். சலான் வந்தால் கட்டிவிடுங்கள். இரண்டாவது பெரிது என்றால் டெஸ்ட் ரைடுக்குப் போங்கள். ஷோரூம்காரர் காட்டும் பளபளப்பான சாலையில் ஓட்டாமல், உங்கள் தெருவின் ஆக மோசமான ஸ்பீடு பிரேக்கரில் ஏற்றி இறக்கிவிட்டு விலை பேசுங்கள்.